கலெக்டருக்கு ஒரு துணை

கரையான்சாவடி பரந்தாமன் வீட்டில் மாசி பிறந்ததிலிருந்து ஒரே பேச்சு. கலெக்டருக்குத் துணை வாங்குவதா, வேண்டாமா?

கலெக்டர் என்றதும் சிவப்பு விளக்குக் காரெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஓர் ஆமை. ஆப்பிரிக்க இனம், அரசாங்கத்தில் முறையாகப் பதிந்து வளர்க்கிற ஆமை. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வெளியே வரும். கொல்லையை ஒரு சுற்று பார்வையிடும். வைத்ததைச் சாப்பிடும். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடும். அதனால் பவித்ரா அதற்கு அந்தப் பெயரை வைத்தாள்.

பவித்ரா, பரந்தாமனின் ஒரே மகள். கல்லூரியில் படிக்கும்போது உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வாங்கி வந்தாள். போன ஆவணியில் கல்யாணமாகி முகப்பேருக்குப் போகும்போது, முறம் அளவுக்கு வளர்ந்திருந்த கலெக்டரை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஒப்படைத்தாள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். முதல் நாளிலிருந்தே அதற்குக் கீரை ஆய்ந்ததும் தொட்டி கழுவியதும் அத்தைதான்.

அத்தை பஞ்சவர்ணம், பரந்தாமனின் தங்கை. நாற்பத்தாறு வயது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருஷம் திரும்புவதற்குள் வந்துவிட்டவள். கட்டியவன் கை நீட்டுகிற ஆள் என்பதற்கு மேல் அந்தக் கதையைக் கிளற வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறாள். அண்ணி ரேவதி பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறாமல் படுத்திருந்தபோது பவித்ராவை இடுப்பில் தூக்கியவள், அப்புறம் மனதிலிருந்து இறக்கி வைக்கவே இல்லை.

அந்த வீட்டில் ஆமையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தது கிடையாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எதிர்வீட்டுக் கண்ணம்மா வாரம் தவறாமல் சொல்லுவாள். பரந்தாமனும் “நான் சொன்னா எவன் கேக்கறான்” என்று தலையாட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று உருகத் தொடங்கினார்.

“பாவம் பஞ்சு அது. ஒத்தையா சுத்திகினு கீது. அதுக்கும் ஒரு துணை வேணாமா?”

பஞ்சவர்ணம் தன் காதுகளை நம்பவில்லை.

“செம்பரம்பாக்கத்துல நம்ம மனை சும்மாதானே கிடக்குது. ரெண்டு ஆமையையும் அங்க விட்டா காலாற நடக்கும். மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டாய் போட்டுர்றேன். நீயும் லீவு நாள்ல போயி இருந்துட்டு வரலாம். ஏரிக் காத்து உடம்புக்கு நல்லது.”

பவித்ராவும் தினம் போன் செய்தாள். “ஜோடி வந்தா அது எவ்ளோ சந்தோஷமா இருக்கும் தெரியுமா அத்தை? பாக்கவே ஆசையா இருக்கு.” அவள் கணவன் கௌதம் திருவேற்காட்டுப் பக்கம் ஆமை வளர்த்து விற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டான். பஞ்சவர்ணம் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஊருக்கே விளங்கும். அண்ணன் அழுதால் தங்கைக்கு எப்படி விளங்கும்? பஞ்சவர்ணத்துக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் கீழ்த்தளத்து அறை ஒன்று, அதில் ஒரு பீரோ, கொல்லையில் ஓர் ஆமை. அந்த ஆமைக்காக அண்ணன் செங்கல் வாங்குகிறார், அண்ணி கொட்டகைக்கு இடம் காட்டுகிறாள், மருமகள் பவித்ரா தூக்கம் கெட்டு யோசிக்கிறாள். நம்மையும் ஒரு ஆளாக மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கம்பெனியில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

ஒரே ஒரு தயக்கம் இருந்தது. போன புதன்கிழமை கலெக்டருக்கு மூக்கு ஒழுகுகிற மாதிரி இருக்கிறது என்று ரேவதி பதறினாள். பவித்ரா போனிலேயே முகப்பேர் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். பஞ்சவர்ணம் லீவு போட்டு, பிளாஸ்டிக் டப்பில் கலெக்டரை உட்கார வைத்து ஆட்டோவில் போனாள். மூக்குக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். துணை வாங்குவதைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார்.

“துணைங்கறது நம்ம ஆசைம்மா. இந்த இனம் தனியாத்தான் இருக்கும். ரெண்டை ஒரே இடத்துல விட்டா ஒண்ணு இன்னொண்ணை முட்டித் தள்ளிக்கிட்டே இருக்கும். கவுத்துப் போட்டாலும் போட்டுடும்.”

இதை வீட்டில் சொன்னபோது பரந்தாமன், “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் பவித்ராவும் கௌதமும் சாப்பிட வருகிறார்கள். சாயங்காலம் எல்லோருமாகத் திருவேற்காடு போவதாகப் பேச்சு. அதற்குள் பஞ்சவர்ணம் முடிவு சொல்லியாக வேண்டும்.

காலையில் இட்லியைத் தின்றுகொண்டே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டகைக்கு நடுவில் ஒரு சின்னச் சுவர் வைத்தால் என்ன? இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் அதது பாட்டுக்கு இருக்கும். டாக்டர் பேச்சுக்கும் மரியாதை, அண்ணன் ஆசைக்கும் மரியாதை. அதற்கு இடம் இருக்கிறதா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டால் சரி என்று சொல்லிவிடலாம்.

“அண்ணி, செம்பரம்பாக்கம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.”

சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்த ரேவதியின் கை நின்றது. “இப்பவா? இந்த வெயில்லயா? எதுக்கு?”

“கொட்டாயைப் பாத்துட்டு வரேன். நான் இன்னும் பாக்கவே இல்லையே.”

“வேலை முடியாம என்னத்தைப் பாக்கப் போற. புள்ளைங்க வர்ற நேரம். மசாலா யாரு அரைப்பா?”

“அரைச்சு வெச்சுட்டேன் அண்ணி. ஒரு மணி நேரத்துல வந்துருவேன்.”

“உங்க அண்ணனை வரச் சொல்றேன், அவரோட போ.”

“அவரு இன்னும் குளிக்கலையே” என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். ரேவதி ஈரக் கையோடு வாசல்வரை வந்து நின்றதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். வெயிலில் போகிறேன் என்று எவ்வளவு கவலை பார் என்றுதான் நினைத்தாள். நல்ல மனது படுத்துகிற பாடு அது.

மெட்ரோ தூண்களைத் தாண்டி, லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய், கிடங்குகளுக்கு நடுவே இடதுபக்கம் திரும்பினால் மனை வந்துவிடும். ஒரு காலத்தில் அவர்கள் அப்பா நெல் போட்ட நிலம். முக்கால்வாசி விற்றது போக, கல் நட்ட ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. பஞ்சவர்ணம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

கொட்டகையைக் காணோம்.

அங்கே ஒரு வீடு ஏறிக்கொண்டிருந்தது. ஒற்றை அறை வீடுதான். சுவர் ஜன்னலுக்கு மேல்மட்டம் வரை வந்துவிட்டது. பின்பக்கம் குளியலறைக்குத் தனியாக ஒரு சின்ன அடைப்பு. முன்பக்கம் மரத்தில் வாசல் நிலை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த நிலையைப் பார்த்துத்தான் அவள் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மேலே மாவிலை தோரணம் சருகாகிக் கிடந்தது. உச்சியில் மஞ்சள் துணியில் நவதானிய முடிச்சு. கீழே நசுங்கின எலுமிச்சம்பழம்.

துணியில் ஒரு தையல் விலகியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு கண்கூடத் தேவையில்லை. மாட்டுக்கொட்டகைக்கு யாரும் நிலை பூஜை போடுவதில்லை. ஆமைக்கொட்டகைக்குப் போடுவார்களா? நாள் பார்த்து, சுமங்கலிகளைக் கூப்பிட்டு, மஞ்சள் பூசி வாசல் நிறுத்துவது மனிதர்கள் வாழப்போகிற இடத்துக்குத்தான்.

சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி தங்கவேல் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கரையான்சாவடி வீட்டுக்கு மாடி எடுத்தவரும் அவர்தான்.

“வாம்மா பஞ்சு. உடம்பு இப்போ தேவலையா?”

“எனக்கு என்ன உடம்புக்கு?”

“புதன்கெழமை பூஜைக்கு வரலியே. உடம்பு சரியில்ல, படுத்துகினு கீதுன்னு உங்க அண்ணி சொன்னாங்களே. உன் ஊட்டுக்கு நீயே இல்லாம நிலை வெக்கறமேன்னு எனக்குத்தான் ஒரு மாதிரி கீது. இன்னா பண்றது, உன் நட்சத்திரத்துக்கு அன்னிக்குத்தான் நாள் நல்லாருந்துச்சாம்.”

புதன்கிழமை. டப்பில் ஆமையை வைத்துக்கொண்டு, ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அதன் முதுகில் கையை வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டு முகப்பேருக்குப் போன புதன்கிழமை. மூக்குக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் பிள்ளையாருக்கு மனசுக்குள்ளேயே ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

தங்கவேலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வீட்டுக்காரி வந்துவிட்டாளே என்கிற சந்தோஷத்தில் உள்ளே கூட்டிப் போனார்.

“இது சமையல் மேடை. சாதாரணமா வெக்கற ஒசரத்தைவிடத் தாழ்த்தி வெச்சுக்கீறேன். பவித்ரா பாப்பாதான் சொல்லுச்சு. ‘எங்க அத்தை குள்ளம், எட்டி எட்டி சமைச்சு தோள் வலிக்கும்’னு. கை வெச்சுப் பாரும்மா, சரியா கீதா?”

பஞ்சவர்ணம் கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

“பாப்பா வந்துதா பூஜைக்கு?”

“வராமயா? நிலைக்கு மஞ்சள் பூசினதே அதுதான். நான் வேணாம்னேன். மாசமா கீற பொண்ணு நிலை தூக்கற எடத்துல நிக்கக் கூடாது, அது ஐதீகம். எங்க கேக்குது? ‘எங்க அத்தை வீடு, நான்தான் பூசுவேன்’னு ஒரே அழுகை. மூணு மாசத்துக்கே பாப்பாக்கு மொகம் நல்லா தெளிஞ்சு கீது. ஆம்பளப் புள்ளை பொறக்கும்னு நெனைக்கறேன்.”

பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஈரச் சிமெண்டு உள்ளங்கையில் ஒட்டியது.

பவித்ரா முழுகாமல் இருக்கிறாள். அந்தச் செய்தி அவளுக்கு ஒரு மேஸ்திரி வாயால், கூரை போடாத வீட்டில், கொத்தனார் சட்டிகளுக்கு நடுவில் வந்து சேர்கிறது. பவித்ரா வயசுக்கு வந்ததை முதலில் சொன்னது அவளிடம். கௌதமைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னதும் அவளிடம்தான். இப்போது மட்டும் ஊரே தெரிந்துகொண்ட பிறகு வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தியிருக்கிறார்கள்.

“ஆமைங்களுக்கு எங்க எடம்?” என்று கேட்டாள்.

“பின்னாடி ரெண்டு வரி செங்கல் வெச்சு அடைச்சுரலாம். அது இன்னா பெரிய வேலையா?”

மாசி முழுக்க ஒரு குடும்பமே நெஞ்சில் கை வைத்துக் கவலைப்பட்ட விஷயத்துக்கு இரண்டு வரி செங்கல். வண்டியைத் திருப்பும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தால் நல்லது என்று நினைத்தாள். அது வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பவித்ராவும் கௌதமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். “அத்தை” என்று பவித்ரா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எப்போதும் கட்டிக்கொள்கிற மாதிரியேதான். பஞ்சவர்ணம் அவள் முதுகைத் தடவவில்லை. கை கழுவ வேண்டும் என்று சொல்லி விலகிப் போனாள்.

சாப்பாட்டில் யாருக்கும் குறை வைக்கவில்லை. மீன் குழம்பை ஊற்றினாள், கௌதமுக்கு நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். ரேவதி மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கப் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பரந்தாமன்தான் ஆரம்பித்தார். “இன்னா பஞ்சு, முடிவு பண்ணிட்டியா? சாயங்காலம் கிளம்பலாமா?”

“ஒண்ணு கேக்கணும் அண்ணா. அந்த நிலை வேங்கையா, தேக்கா?”

“எந்த நிலை?”

“கலெக்டர் ஊட்டு நிலை. என் நட்சத்திரத்துக்கு நாள் பார்த்து வெச்சீங்களே.”

பரந்தாமன் பிசைந்த சோற்றைப் பார்த்தார். கௌதம் தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான்.

“தங்கவேல் சொன்னானா?” என்றாள் ரேவதி. “அந்தாளு வாயில எதுவும் நிக்காது.”

“அவரு ஒண்ணும் சொல்லித் தெரியல அண்ணி. நீங்கதான் காட்டிக் கொடுத்துட்டீங்க. ஆமை ஊட்டுக்கு யாராவது குங்குமம் வைப்பாங்களா?”

எதை மறைத்தாலும் ரேவதியால் பூஜையை விட முடியாது. நிலை வெறுமனே நின்றிருந்தால் பஞ்சவர்ணம் அதையும் கொஞ்சம் பெரிய கொட்டகை என்றே நம்பப் பார்த்து, நடுச்சுவருக்கு இடம் தேடியிருப்பாள். நாத்தனார் குடியேறப்போகிற இடத்துக்குக் கெட்டது எதுவும் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில் முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதே பஞ்சு” என்றார் பரந்தாமன். “பவி மாசமா கீது. மாடி ஏறக் கூடாது. மாப்ளைக்கும் ஆபீசை இந்தப் பக்கம் மாத்திட்டாங்க. ரெண்டு பேரும் இங்கயே வந்து இருக்கப் போறாங்க. கீழ ஒரு ரூம்தான் கீது. உனக்கும் உனக்குன்னு ஒரு ஊடு ஆச்சு. எத்தினி பேருக்கு அது கிடைக்கும்?”

“ரூமைக் கொடுன்னு கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. மாடியில படுத்துக்கிட்டிருப்பேன். ஹால்ல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டிருப்பேன்.”

“ஆமையை வெச்சு என்னைக் கிளப்பணும்னு யோசிச்சது யாரு?”

பரந்தாமன் மனைவியைப் பார்த்தார். ரேவதி மகளைப் பார்த்தாள். பவித்ரா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நான்தான் அத்தை.”

அப்பா அம்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. அத்தையை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“உன்கிட்ட நேரா கேட்டா நீ சரின்னுடுவ. ஏன்னுகூடக் கேக்க மாட்ட. அன்னிக்கே பெட்டியக் கட்டிடுவ. நீ பெட்டியத் தூக்கிட்டு இந்த வாசல்ல இறங்கறதை என்னால பாக்க முடியாது. அதான், ரெண்டு ஆமை ஆயிட்டா நீயே அங்க போறேன்னு சொல்லுவன்னு…”

“நானே ஆசைப்பட்டுப் போன மாதிரி இருக்கும்.”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க யாருக்கும் உறுத்தாது. ஊருல கேட்டாலும் ‘அவளுக்கு ஆமைங்கன்னா உசிரு, அதான் அங்க போயி இருக்கா’ன்னு சொல்லிக்கலாம்.”

“அத்தை, நான் அப்படி நினைக்கல…”

“அப்படித்தான் நினைச்ச. மேடையைத் தாழ்த்தி வைக்கச் சொல்லியிருக்கியாமே. கை வெச்சுப் பாத்தேன், அவ்ளோ சரியா இருந்தது. என் ஒசரம் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது பவி. அது தெரிஞ்சவ எனக்கு இதைப் பண்ணலாமா? அண்ணா பண்ணியிருந்தா அண்ணி சொன்னாங்கன்னு விட்டுருப்பேன். அண்ணி பண்ணியிருந்தா நாத்தனார்தானேன்னு விட்டுருப்பேன். உன்னை எதுல சேக்கறது?”

பவித்ரா அழ ஆரம்பித்தாள். ரேவதி எழுந்துபோய் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, “மாசமா இருக்கற பொண்ணை அழ வைக்காதே பஞ்சு” என்றாள்.

“மாசமா இருக்கான்னு எனக்கு யாரும் சொல்லலையே அண்ணி. மேஸ்திரிதான் சொன்னாரு.”

பரந்தாமன் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, விடு பஞ்சு. நீ எங்கயும் போக வேணாம். ஆமையும் வாங்க வேணாம். போதுமா?” அவர் குரலில் அவளைச் சமாதானப்படுத்துவதைவிட, பேச்சை முடித்துக் கை கழுவப் போகிற அவசரம்தான் தெரிந்தது.

“வேணாம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். டாக்டர் சொன்னது சரி, கலெக்டருக்கு ஒத்தையா இருக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்த வீட்டுல என்னை யாரும் அதுக்குப் பழக்கல.”

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. காலிங்பெல் அடித்தது. கௌதம் சட்டென்று எழுந்தவன், எழுந்த வேகத்திலேயே நின்றுவிட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பஞ்சவர்ணமே போய்க் கதவைத் திறந்தாள்.

கையில் ஒரு பிளாஸ்டிக் டப்போடு ஒருவர் நின்றிருந்தார். டப்பில் வைக்கோல், வைக்கோலுக்கு நடுவில் சோறு வடிக்கிற தட்டு அளவில் ஓர் ஆமை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

“திருவேற்காட்டுலேர்ந்து வரேம்மா. கௌதம் சார் ஊடு இதானே? நீங்க சாயங்காலம் வரதா சொன்னீங்க. நான் பூந்தமல்லி பக்கம் வர வேலை இருந்துச்சு, அப்படியே குடுத்துட்டுப் போலாம்னு எடுத்துனு வந்துட்டேன். சார் போன வாரமே எல்லாம் முடிச்சுட்டாரு.”

போன வாரமே. பஞ்சவர்ணம் திரும்பிக் கௌதமைப் பார்த்தாள். ஒரு மாதமாக “நீ சொல்றதுதான் அத்தை, உன் இஷ்டம்தான்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களே, அந்தக் கேள்வியும் பொய். அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்த யோசனைக்கு உப்புக்குச் சப்பாணி அளவுக்குக்கூட இடமில்லை.

“மன்னிச்சுக்கோங்க அத்தை” என்றான் கௌதம். “எப்படியும் நீங்க சரின்னுதான் சொல்லுவீங்கன்னு பவி சொன்னா.”

“திருப்பி எடுத்துனு போவச் சொல்லு மாப்ளை” என்றார் பரந்தாமன் உள்ளேயிருந்து. “நமக்கு வேணாம்.”

டப்போடு வந்தவர் விழித்தார். உள்ளே ஆமை ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி, வைக்கோலைத் துழாவிவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும், காலையிலிருந்து வராத அழுகை பஞ்சவர்ணத்துக்கு எட்டிப் பார்த்தது. இதையும் யாரும் கேட்டுவிட்டுத் தூக்கி வரவில்லை.

“வேணாம் அண்ணா. திரும்பிப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

கையை நீட்டி டப்பை வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. வந்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கூடத்தின் நடுவே வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“புதுசா வர்ற ஆமையைப் பழசோட சேக்கக் கூடாது. சீக்கு இருக்கான்னு சில மாசமாவது தனி ரூம்ல வெச்சுப் பாக்கணும், இல்லாட்டி ரெண்டுக்கும் ஆபத்து. இது என் ரூம்ல இருக்கும். இதைப் பாத்துக்க நானும் அங்கதான் இருப்பேன். எனக்குத் துணை வேணும்னு மாசி பொறந்ததுலேர்ந்து கவலைப்பட்டீங்க. வந்துடுச்சு.”

“அப்போ பவி?” என்றாள் ரேவதி. அடக்கி வைத்திருந்தது அவளையறியாமல் வந்துவிட்டது. “மாசமா இருக்கறவ மாடி ஏறி இறங்குவாளா?”

பஞ்சவர்ணம் தன் அறைக்குள் போனாள். டப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். துரு ஏறிய தாழ்ப்பாள் நகர மறுத்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. ராத்திரியில் குழந்தை எழுந்து வந்தால் தேட வேண்டாம் என்று அந்தக் கதவை அவள் தாழிட்டதே கிடையாது. குழந்தை பெரியவளான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதாள். நெஞ்சு காலியாகிறவரை அழுதாள். கூடத்தில் தட்டுகள் எடுக்கிற சத்தம் கேட்டது. பரந்தாமன் கௌதமை ஏதோ அதட்டினார். அப்புறம் யாரோ மெதுவாக நடந்து வந்து கதவுக்கு வெளியே நின்றார்கள். யார் என்று நடையிலேயே தெரிந்தது.

“அத்தை.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்தை, கதவைத் திற. நான் அங்க சொன்னது முழுசா உண்மையில்ல. அவரு இருக்கும்போது என்னால சொல்ல முடியல.” குரல் இன்னும் தணிந்தது. “உன்னை இங்கேர்ந்து ஏன் அனுப்பணும்னு நினைச்சேன்னு அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.”

பஞ்சவர்ணம் எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். உன்கிட்ட மட்டும்தான் என்று அந்தக் குரல் சொல்லி, அவள் நம்பாமல் இருந்ததே இல்லை. காய்ச்சல் என்று சொன்னாலும் நம்பினாள், காதல் என்று சொன்னாலும் நம்பினாள், கலெக்டருக்குத் துணை வேண்டும் என்று சொன்னபோதும் அப்படியே நம்பினாள்.

“அத்தை, இருக்கியா?”

“இருக்கேன்” என்றாள் பஞ்சவர்ணம். “அங்கேருந்தே சொல்லு.”